வாயு மூலையில் ஓர் ஆறு

எனக்கும் என் சகலைக்கும் ஒரே தொழில். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது. தர்மபுரியில் ஒரே தெருவில் எதிரெதிரே ஆபீஸ். என் போர்டில் பெயின்ட் உதிர்ந்திருக்கும், அவர் போர்டில் விளக்கு எரியும். நான் மூத்தவளைக் கட்டியவன், அவர் இளையவளைக் கட்டியவர். அதனால் வாய் நிறைய ‘அண்ணா’ என்பார். அப்படி அழைக்கிற ஒருவர் மேல் நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட முடியாது. ஆனாலும் நான் விடாமுயற்சிக்காரன்.

ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றைச் சீர்படுத்தப் போகிறோம், பழைய பாலத்திலிருந்து புதுப் பாலம் வரை கரையை எப்படி அமைக்கலாம் என்று யார் வேண்டுமானாலும் வரைந்து தரலாம் என நகராட்சி அறிவித்தது. எனக்கு எந்தச் சலனமும் இல்லை. பாலத்தைக் கடக்கும்போது ஒரு கையில் வண்டியையும் மறு கையில் மூக்கையும் பிடித்துக்கொள்வதோடு அந்த ஆற்றுக்கும் எனக்குமான உறவு முடிந்துவிடும்.

அன்று சாயங்காலம் என் மனைவி முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, “எந்தங்கச்சி வூட்டுக்காரரு ஆத்துக்கு வரையறாராம்” என்றாள்.

“வரையட்டும்.”

“கம்ப்யூட்டர்லயே தண்ணி ஓடுதாமா. தங்கச்சி சொன்னா.”

“நெசத்துல ஓடோணுமில்ல.”

“அதுக்குத்தான வரையறாரு. நீங்க ஏன் மொகத்த அப்படி வெச்சிருக்கீங்க?”

அந்த நிமிடத்தில்தான் எனக்குள் ஆற்றின் மீது அன்பு பெருக்கெடுத்தது.

மறுநாள் விடிந்ததும் மஞ்சள் பைக்குள் அளவு டேப்பை ஒளித்துக்கொண்டு கரைக்குப் போனேன். சீமைக் கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் சகலை நின்றுகொண்டிருந்தார். புது ஷூ, புது டீ ஷர்ட். சாக்கடை ஓரத்தில் நிற்கவும் ஒரு மனிதன் இவ்வளவு எடுப்பாக இருக்க வேண்டுமா?

“என்னங்கண்ணா, வாக்கிங்குங்களா?”

“ஆமாங்க சகல. டாக்டர் நடக்கச் சொன்னாரு.”

“இந்த நாத்தத்துலயா?”

“காத்தோட்டமா இருக்கற எடமாப் பாத்து நடக்கச் சொன்னாரு.”

அவர் தலையாட்டினார். பிறகு என் பையைப் பார்த்து, “டேப்பு தொங்குதுங்கண்ணா” என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு முட்களுக்குள் இறங்கினார். “ஒத்தையா அளந்தா தப்பு வரும். நீங்க அங்கியே நில்லுங்க.” கரை முழுவதையும் எனக்காகவே பிடித்துக் கொடுத்தார். அவர் முந்தின வாரமே அளந்து முடித்திருந்தாராம். புது ஷூவில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்து எனக்குக் கிடைத்த கொஞ்ச நஞ்ச சந்தோஷமும் அதைக் கேட்டதும் போய்விட்டது.

அவரிடம் இல்லாத ஒன்று என் பிளானில் இருக்க வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கிடைத்தது. எங்கள் மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஆற்றிலிருந்துதான் புறப்பட வேண்டும். ஆற்றில் ஓடுவதைக் குடத்தில் எடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள். அதனால் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு போய், கரையோரம் மணலில் சின்னக் குழி தோண்டி, வாழையிலை விரித்து ஊற்றி, அதிலிருந்து மொண்டு கரகம் ஜோடிப்பார்கள். ஆற்றில் எடுத்த மாதிரியும் ஆயிற்று, எடுக்காத மாதிரியும் ஆயிற்று. என் பிளானின் நடுவில் அகலமாக ஒரு படித்துறை வரைந்து, ‘கரகத் துறை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கேன் இல்லாமல் கரகம் எடுக்கும் துறை. சகலையின் கம்ப்யூட்டருக்குக் கரகம் தெரியுமா?

மீதியையெல்லாம் கை தானாக வரைந்தது. இத்தனை வருஷமாக வீடு வரைந்த கை. எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்னால் வாஸ்து சரியாக இருக்கிறதா என்று கேட்பார். ஈசானிய மூலையைக் காலியாக விட்டேன். அக்கினி மூலையில் டீக்கடை. வாயு மூலையில், அதாவது தாளின் மேல் இடது ஓரத்தில், பொதுக் கழிப்பறை. பூஜையறை எங்கே என்று ஒரு கணம் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாப் பிளான்களையும் நகராட்சி மண்டபத்தில் தொங்கவிட்டார்கள். அதிகாரி வந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்புவார். சகலையின் படத்துக்கு முன்னால் கல்யாண வீட்டுப் பந்தி போலக் கூட்டம். படத்தில் கொக்கு நின்றது. குழந்தைகள் சைக்கிள் ஓட்டினார்கள். தண்ணீர் நீலமாக இருந்தது. எங்கள் ஆறு அந்த நிறத்தை எந்தக் காலத்தில் பார்த்தது? அந்த நீலத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. என் பிளானுக்கு முன்னால் ஒரே ஒருவர் நின்றார். “காம்பவுண்டு செவுத்துக்கும் நீங்களே வரைவீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு கோயில் தெருப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒரு அம்மா கரகத் துறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இதத்தாங்க கேட்டுக்கிட்டே இருந்தோம். கேன் தூக்கிக்கிட்டுப் போறதுக்கு வெக்கமா இருக்குது.”

இன்னொருவர், “அந்தப் படத்துல கொக்கு நிக்கறதுக்கு எடமிருக்குது. நாம நிக்கறதுக்கு இல்ல” என்றார்.

எனக்குக் காது குளிர்ந்தது. அந்தப் பக்கம் கூட்டம் குறைந்து இந்தப் பக்கம் கூடியது. சகலையே எழுந்து வந்தார். வரட்டும், வந்து எரியட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவர் நிதானமாகப் பார்த்தார். துறையைப் பார்த்தார். மேல் இடது ஓரத்தைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

“அண்ணா, தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுங்க?”

வாயு மூலையிலிருந்துதான் வருகிறது. கழிப்பறையைத் தாண்டி, நேராகக் கரகத் துறைக்கு. அம்மனுக்கு நான் வாஸ்துப்படி செய்து வைத்த ஏற்பாடு.

அதே நேரத்தில் அதிகாரி எங்களை நோக்கி வந்தார். பின்னால் அந்தப் பெண்கள். சகலை ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருவிழாவுக்குத் திருவிழா என் பெயர் நாறும். துறையும் கேலியோடு போய்விடும், அவர்கள் மறுபடி கேன்தான் தூக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது சகலை என் பிளானின் மேல் இடது ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நல்ல அகலமான உடம்பு. கழிப்பறை அவருடைய தோளுக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிட்டது.

“சார், இந்தத் துறையப் பாருங்க. எங்கண்ணா யோசன” என்றார்.

அதிகாரி பார்த்தார். பெண்கள் ஒரே குரலில் பேசினார்கள். கடைசியில், சகலையின் பிளானே போகட்டும், அதில் இந்தத் துறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். அவர் மண்டபத்தை விட்டு வெளியே போகும்வரை சகலை அந்த மூலையை விட்டு அசையவில்லை.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. “சட்ட கசங்கிருச்சுங்களே, சகல.”

“பரவால்லீங்கண்ணா. கக்கூஸ கீழ்ப்பக்கம் போட்டுக்கறேன்.”

இரண்டு நாள் கழித்துச் சேர்த்து வரைந்த படத்தை என் போனுக்கு அனுப்பினார். நீலத் தண்ணீர், கொக்கு, நடுவே கரகத் துறை. படியில் பூக்குடத்தோடு பெண்கள். மேல்படியில் ஒரு ஆள், கட்டம் போட்ட சட்டையும் தொப்பையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் மனைவி எட்டிப் பார்த்து, “நீங்களேதான்” என்றாள்.

அவர் தன்னை எங்கே வரைந்திருக்கிறார் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். கொக்குக்குப் பின்னால் பார்த்தேன், பாலத்தின் மேல் பார்த்தேன். எங்கேயும் இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.