கஞ்சி இல்லாத சட்டை

கடைப் பிள்ளைகளா, உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? இஸ்திரிக்கு வந்த துணி கடையில் மலையாகக் கிடக்கிறது. சாயங்காலம் ஆனால் புடவை எங்கே, வேட்டி எங்கே என்று வந்து நிற்பார்கள். நீங்களோ, "அந்த மேட்ச் ஏன் தோத்துச்சு, நீ இன்னா பண்ணே?" என்று என் வாயைப் பிடுங்குகிறீர்கள். நானா மட்டை பிடித்தேன்? ஆடினவன் தோற்றான். அதில் சலவைக்காரிக்கு என்ன பங்கு? பங்கு உண்டு என்று யாரோ உங்களிடம் பாதியைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வாயை வெள்ளாவியில் வைக்க. பாதி தெரிந்தவனை அப்படியே விட்டால் ஊருக்கு ஆபத்து. அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத்து ஓடாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள், எனக்கும் ஆசைதான்.

1. முதல் மூட்டை

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் வீடு மந்தைவெளியில். பின்னால் பெரிய வெட்டவெளி, அதில் நீளமாகக் கொடி கட்டியிருந்தோம். மயிலாப்பூரில் ஒரு கிரிக்கெட் கிளப் இருந்தது. பெயர் வேண்டாம். அவர்கள் வீட்டுப் பேரன்மார் இப்போதும் நம் கடையில்தான் துணி போடுகிறார்கள்.

அந்தக் கிளப்பில் பெரிய டீம் ஒன்று, சின்ன டீம் ஒன்று. சின்ன டீமுக்குக் கோல்ட்ஸ் என்று பெயர். மீசை முளைத்தும் முளைக்காததுமாக இருக்கிற பிள்ளைகளைச் சேர்த்து, இட்லி மாவைப் புளிக்க வைப்பதுபோல் வைத்து, பொங்கி வந்தவனைப் பெரிய டீமுக்கு ஏற்றுவார்கள். அந்தக் கோல்ட்ஸ் பிள்ளைகளின் வெள்ளைத் துணி என் கைக்கு வந்தது.

முதல் மூட்டையைப் பிரித்தவுடன் எனக்குச் சிரிப்பு. வெள்ளையாக உடுத்திக்கொண்டு மண்ணில் விழுந்து புரள்வதற்கு ஒரு விளையாட்டு. அதைக் கண்டுபிடித்தவன் தன் துணியைத் தானே துவைத்திருக்க மாட்டான். முழங்கால் எல்லாம் புல்கறை. ஒரு பேண்ட்டின் தொடையில் சிவப்பாக ஒரு திட்டு. பதறிப்போய் கிளப் மாலி முருகேசனைக் கூப்பிட்டேன். மைதானத்துக்குத் தண்ணீர் விடுவதும் பந்து போடுகிற இடத்தில் பாய் விரிப்பதும் அவன் வேலை.

"யாருக்குப்பா அடி? இம்மாம் ரத்தம் கீது!"

"ரத்தமா? பந்துச் சாயம்மே அது! பௌலிங் போடறவன் பந்த தொடையில தேச்சிக்கினே இருப்பான்."

"அத்த ஒரு பழந்துணில தேக்கக் கூடாதா? என் உயிர வாங்கவா?"

அந்தச் சிவப்பு சவுக்காரத்துக்குப் போகாது. எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போட வேண்டும். இன்றைக்கும் அதுதான் வழி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. கஞ்சிச் சட்டம்

கிளப் செக்ரட்டரி நல்ல மனிதர். பெரிய உத்தியோகம், நெற்றியில் சந்தனம். ஒரே ஒரு குறைதான் அவருக்கு: யாரிடமும் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல வராது. வீட்டு வாசலுக்கு வரும் பிச்சைக்காரனுக்குக்கூட அவர் வீட்டம்மாள்தான் வந்து பதில் சொல்வாள்.

அரிசி ரேஷனில் வந்த சமயம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"கன்னியம்மா, அரிசி கெடைக்கறதே பெரும்பாடா இருக்கு. ஆடற பதினோரு பேர் துணிக்கு மட்டும் கஞ்சி போடு. பன்னண்டாவது ஆளுக்கு வேண்டாம். தண்ணி தூக்கிண்டு ஓடறவனுக்கு வெறைப்பு என்னத்துக்கு?"

"பன்னண்டாவது யாருன்னு எனக்கு எப்டி சாமி தெரியும்?"

"வெள்ளிக்கிழமை கார்த்தால கமிட்டி கூடும். கூடி முடிஞ்சதும் மாலி வருவான். கொடியில காயற சட்டையில ஒண்ணோட கையில முடிச்சுப் போடுவான். எந்தச் சட்டையில முடிச்சு இருக்கோ, அதுக்குக் கஞ்சி இல்லை. புரிஞ்சுதா?"

புரிந்தது. அரிசி மிச்சம் பிடிக்க மட்டும் அவர் இதைச் செய்யவில்லை என்பதும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் கிளப்புக்கு வந்து அவரவர் துணியை எடுப்பார்கள். சட்டை அப்பளம் மாதிரி நின்றால் ஆட்டம் உண்டு. துவண்டு விழுந்தால் தண்ணீர் வாளியைத் தூக்க வேண்டியதுதான். செக்ரட்டரி வாயைத் திறக்கவே வேண்டாம். கோல்ட்ஸுக்குக் கேப்டனாக இருந்த பையனுக்கும் அதுதான் சேதி. இப்படி ஒரு டீமின் தலையெழுத்து என் கஞ்சிச் சட்டியில் வந்து உட்கார்ந்தது.

இது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை ஆனால் என் வேலி ஓரம் கூட்டம்தான். கூட்டத்துக்குத் தலைவர் இரண்டு பேர். ஒருவர் வெற்றிலைபாக்குக் கடை ஜம்பு நாயக்கர். அவர் மட்டையைத் தொட்டதே இல்லை. ஆனால் யார் எப்படி மட்டையைப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இன்னொருத்தி மீன்காரி ரீத்தம்மா. சாந்தோம் குப்பத்திலிருந்து கூடையோடு வருவாள். மீன் விற்கிற சத்தத்தைவிட மேட்சில் அவள் போடுகிற சத்தம் பெரிது. அம்பயர்களே அவளைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

3. காதரும் பாச்சுவும்

அந்த வருடம் கோல்ட்ஸ் பிள்ளைகள் நாக்-அவுட் கோப்பையில் செமி-ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டார்கள். நாக்-அவுட் என்றால் ஒரே வாய்ச் சோறு. தோற்றால் இலையை மடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

இதில் காதர் என்று ஒரு பிள்ளை. மயிலாப்பூர் டெய்லர் மகன். இடது கையில் மெதுவாகப் பந்து போடுவான். அது வருகிற மாதிரியே இருக்கும், வராது. அவன் சட்டையை எங்கேயும் கண்டுபிடிக்கலாம். கையைச் சுழற்றுவதற்கு வாகாக அவன் அப்பா அக்குளில் முக்கோணமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பார்.

இன்னொருவன் பாச்சு. செக்ரட்டரியின் தங்கை மகன். பேட்டிங் செய்கிறவன். அவன் துணியில் கறையே இருக்காது. போன வாரம் வெளுத்துக் கொடுத்தது அப்படியே திரும்பி வரும். "இது ஆடுதா, இல்ல கல்யாணத்துக்குப் போய்ட்டு வருதா?" என்று நான்தான் முதலில் கேட்டேன். ரீத்தம்மா அதை ஊரெல்லாம் பரப்பினாள்.

வியாழக்கிழமை காதர் தன் துணியைத் தானே எடுத்துக்கொண்டு வந்தான்.

"யக்கா, இந்தத் தடவ கஞ்சி கொஞ்சம் தூக்கலா போடேன்."

"இன்னா நைனா விசேஷம்? பொண்ணு பாக்கப் போறியா?"

"பெரிய டீம் கேப்டன் மேட்ச் பாக்க வராராம். ஒரு ஆள எடுத்துக்கப் போறாராம். நான் ஆடல்லன்னா மாமு என்ன ஆம்பூருக்கு இட்டுக்கினு பூடுவாரு. தோல் கெடங்குல வேல. அங்க போனா பந்த மறந்துட வேண்டிதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் போகிறவன் வேலியைத் தாண்டும்வரை கொடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

4. வெள்ளிக்கிழமை

மாலி முருகேசன் வந்தான். கூட்டம் வேலிமேல் சாய்ந்தது. கொடி நெடுக நடந்துபோய், அக்குளில் முக்கோணத் துண்டு வைத்த சட்டையின் கையில் முடிச்சைப் போட்டான்.

"டேய் முருகேசா! கண்ணு தெர்லயா உனுக்கு?" என்று ஜம்பு நாயக்கர் கத்தினார். "போன மேட்ச்ல பாதி விக்கெட்டு அவன்தான்டா எடுத்தான்!"

"என்ன இன்னா பண்ணச் சொல்றே நாய்க்கரே? கமிட்டி சொல்லுது, நான் போடறேன்."

"கமிட்டியாம் கமிட்டி!" என்றாள் ரீத்தம்மா. "தங்கச்சி புள்ளைக்குக் கஞ்சி, டெய்லர் புள்ளைக்குத் தண்ணி வாளியா? இன்னாம்மே கன்னிம்மா, நீயாவது அந்த முடிச்ச அவுத்துவுடு. இன்னா கொறஞ்சிடும்?"

"நான் துணி வெளுக்கறவ தாயி. டீமு போடறவ இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி, வடிகட்டி, துளி நீலம் கலந்து எடுத்துக்கொண்டு வந்தால், வேலி ஓரம் ஒரு காக்கை இல்லை. இவ்வளவு நல்ல பிள்ளைகளாக அவர்கள் கலைந்துபோனதே இல்லை.

கொடியைப் பார்த்தேன். காதர் சட்டையில் முடிச்சு இல்லை. கை மட்டும் கசங்கிக் கிடந்தது. பாச்சு சட்டையின் கையில் முடிச்சு இருந்தது. அந்த முடிச்சில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு வெயிலில் பளபளத்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, சங்கரா.

முடிச்சை மாற்றிப் போட எனக்கும் இரண்டு கை இருந்தது. காதர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதும் கண்ணில் இருந்தது. செக்ரட்டரி என்ன சொன்னார்? எந்தச் சட்டையில் முடிச்சு இருக்கிறதோ அதற்குக் கஞ்சி இல்லை என்றார். முடிச்சு எப்படி வந்தது என்று விசாரிக்கச் சொன்னாரா? நான் என்ன போலீஸா? செதிலைச் சுண்டி எறிந்தேன். பாச்சு சட்டையை இன்னொரு முறை அலசிப் போட்டேன். காதர் சட்டைக்குக் கஞ்சி தூக்கலாகவே போட்டேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

மூட்டையைக் கொடுத்துவிட்டு நானும் மைதானத்தில் நின்றேன். நான் வெளுத்த துணியை எப்படி அழுக்காக்குகிறார்கள் என்று பார்க்க எனக்கு உரிமை உண்டு.

செக்ரட்டரியைக் காணோம். பெரிய டீம் கேப்டனைக் காரில் கூட்டிவரப் போயிருந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். கார் கரிப்புகையில் ஓடியது. அது தேனாம்பேட்டையில் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டதாம். அவர்கள் வந்து சேர்ந்தபோது டாஸ் போட்டு, பெயர் கொடுத்து, காதர் பந்து போட்டுக்கொண்டிருந்தான். பாச்சு வாளியோடு உட்கார்ந்திருந்தான். செக்ரட்டரி மருமகனைப் பார்த்தார், மாலியைப் பார்த்தார், மாலி என்னைப் பார்த்தான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். நல்ல ஆகாயம்.

அவரால் அப்போதும் வாயைத் திறக்க முடியவில்லை. பெரிய கேப்டன் பக்கத்தில் நின்று, "யார் இந்தப் பையன்?" என்று காதரைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஆடின தி.நகர் பிள்ளைகள் அவன் பந்தை ஆசையாக அடிக்கப் போவார்கள். பந்து ஸ்டம்பைத் தட்டிவிட்டுப் போகும். ரீத்தம்மா தொண்டை கட்டிப்போய்க் கூடையைத் தட்டினாள். மத்தியானத்துக்குள் அவர்கள் ஆட்டம் முடிந்தது. எடுக்க வேண்டியது சொற்ப ரன்தான்.

அந்தச் சொற்பத்தை எடுக்கத்தான் ஆள் இல்லை. நம் பிள்ளைகள் ஒவ்வொருவனும் வெயிலுக்குப் பயந்தவன் மாதிரி உள்ளே போனான், வெளியே வந்தான். நின்று ஆடுகிறவன் ஒருத்தன் வேண்டும். அவன் வாளியோடு என் பக்கத்தில் நின்றான்.

"வருத்தமா தம்பி?" என்றேன்.

"ஆடாததுக்கு வருத்தம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன் கன்னியம்மா. இத்தனை நாள் எல்லாரும் என்னை மாமாவோட மருமான்னுதான் பாத்தா. இன்னிக்குக் கார்த்தால சட்டை துவண்டு விழுந்தப்போ, கேப்டன் வந்து தோள்ல கை போட்டான். மொதல் தடவை."

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னான். பந்து மட்டை ஓரத்தில் தட்டிவிட்டு வருகிற இடத்தில், கீப்பர் பக்கத்தில், அவன் நிற்பானாம். விழ வேண்டியதே இல்லையாம், பந்து கைக்கே வருமாம். கறை இல்லாததற்குக் காரணம் அதுதான். கறை இல்லாத துணியைப் பார்த்து ஆளை எடைபோடக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் அதுதான். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு துணியை வைத்து மனிதரைப் படிக்காதீர்கள். பாதிதான் தெரியும்.

கடைசியில் காதரே மட்டை பிடிக்கப் போனான். அவன் மட்டை பிடித்ததைப் பார்த்து, மேட்ச் பார்க்க வந்திருந்த அவன் அப்பா டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு பவுண்டரி அடித்திருந்தால் ஜெயித்திருப்போம்.

பிள்ளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆனால் பெரிய கேப்டன் நேராகக் காதரிடம் போய், "செவ்வாய்க்கிழமை எங்க டீம் நெட் பிராக்டிஸுக்கு வந்துடு" என்றார். டெய்லர் அப்போதே தன் மச்சானை, காதரின் மாமுவை, தேடிப்போய், ஆம்பூருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

6. திங்கட்கிழமை

மூட்டையோடு செக்ரட்டரியே வந்துவிட்டார்.

"கன்னியம்மா, முடிச்சு எப்படி மாறித்து?"

"காத்து சாமி. ஆடிக் காத்து."

"காத்து முடிச்சை அவுக்கும், சரி. போடுமா?"

"மெட்ராஸ் காத்து சாமி. இன்னா வோணா பண்ணும்."

மூட்டையை இறக்கி வைத்தார். "பேட்டிங் பத்தாதுன்னுதான் பாச்சுவைப் போட்டோம். உறவுன்னு இல்லை. அதை யாருக்கும் சொல்லாம விட்டேனே, அதான் தப்பு. இன்னிக்கு என்னடான்னா, தங்கை பிள்ளையையே ஒதுக்கிவெச்ச நியாயஸ்தன்னு கிளப்புல கை குலுக்கறா. நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். பிறகு, "இனிமே பன்னண்டு செட்டுக்கும் கஞ்சி போட்டுடு. யாருக்கு இடம் இல்லையோ, அவன்ட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். சொல்லவும் சொன்னார். முதல் தடவை சொல்லும்போது வேர்த்துக் கொட்டியதாம். அந்தச் சட்டையும் என்னிடம்தான் வந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வேலி ஓரம் ஒரே கூச்சல். ஜம்பு நாயக்கர் தொடையைத் தட்டுகிறார். "பாச்சு இருந்திருந்தா சொம்மா நின்னு அடிச்சிருப்பான்! எந்தக் கேணையன் அவன ஒக்கார வெச்சது?"

"அத்தானே!" என்றாள் ரீத்தம்மா, கூடையை இறக்கி வைத்து. "தங்கமான புள்ள. அவன் கையில வாளியக் குட்த்துட்டானுங்களே! இந்தக் கமிட்டிக்கு மூள கீதா? நீயே சொல்லு கன்னிம்மா. யாரு டீமு போடறது இங்க?"

அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கொடியிலிருந்த பாச்சு சட்டையை எடுத்து, கையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"யாரு போட்டாங்களோ எனக்குத் தெரியாதும்மா. ஆனா அடுத்த வெள்ளிக்கெயமை கமிட்டிக்கு வரவங்க, கையக் கயுவிக்கினு வரச் சொல்லு."