பௌர்ணமிக்கு முந்தின நாள் போட்ட கூட்டம்

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். அரிய நோய்களுக்கான ஆலோசனைக் குழு என்று ஒன்று எங்கள் பிரிவின் தலையில் விழுந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்று டாக்டர்கள் கூடுவார்கள். தேதி குறிப்பது, கடிதம் போடுவது, டீ சொல்வது, நடந்ததை எழுதுவது எல்லாம் நான். மூவரும் நோயாளியை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சென்னையிலிருந்து மருந்து வரும்.

கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் தன் ஆறு வயது மகளுக்காக மனு கொடுத்திருந்தார்.

"இவ அண்ணனுக்கும் முதல்ல கால்தான் போச்சு. அப்புறம் முழுங்க முடியல. அப்புறம் மூச்சு" என்றார். மகளுக்குக் கால் ஏற்கெனவே போயிருந்தது. "இப்ப சோறு இறங்குறது கம்மியாயிடுச்சு மேடம். சீக்கிரம் ஒரு தேதி போடுங்க."

சீக்கிரமாகத்தான் போட்டேன். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் எந்த ஆபீஸும் கூட்டம் வைக்காது. கிரிவலத்துக்கு வருகிற ஜனத்தில் ஓர் ஆள் அசைய முடியாது. ஆபீஸ் டைரியில் பௌர்ணமி வெள்ளிக்கிழமை என்றிருந்தது. வியாழன் என்று டைப் அடித்துவிட்டேன். திதி எப்போது பிறக்கிறது என்று பார்க்கவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கழுதைக்கு அதுகூடவா தெரியாது?

வியாழன் காலையிலேயே திதி பிறந்துவிட்டது. பத்து மணிக்குள் ஊரெல்லையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கி, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். இரண்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். மூன்றாமவர் வழியில் ஒரு பூத்திலிருந்து போன் செய்தார்.

"கார் நகரவே இல்லம்மா. திரும்பிப் போறேன்."

டாக்டரின் கார் நின்ற அதே செஞ்சி ரோட்டில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவரும் நடந்து வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? தேதி குறித்தவள் நான்.

டீயில் நனைத்துக் கொடுத்த பிஸ்கட் குழந்தையின் தொண்டையில் நின்றது. முதுகைத் தடவிக்கொண்டே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினேன்.

நடுவில் ஒரு கூட்டம் வைக்க அனுமதி கேட்டு மூன்று முறை குறிப்பெழுதினேன். மூன்றும் பதிலில்லாமல் கிடந்தன.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று டாக்டர்களும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர் தனியாக வந்தார். நான் அனுப்பிய கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"பாப்பா போய் ஒரு மாசம் ஆவுது. தவறாம நேர்ல வரணும்னு போட்டிருந்தீங்க மேடம். அதான் வந்தேன்."