பள்ளப் பாத்தி

போன வாரம் எங்கள் தெருக்குழாயை யாரோ திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் மூடலாமா என்று முட்டியைக் கேட்டேன். அது யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஒரு ஆள் வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் உரச்சாக்குப் பை. நடந்த நடையிலேயே கையை நீட்டிக் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார். குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு அவசரம் போல. ஆனாலும் கை தானாகப் போனது.

காட்டில் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சின கை அது. தண்ணீர் வீணாக ஓடினால் அந்தக் கை சும்மா இருக்காது. பக்கத்தில் பிணம் கிடந்தாலும் சும்மா இருக்காது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. மூன்றாம் வகுப்போடு மாட்டுக் கயிற்றைப் பிடித்தவள். பேச்சும் குறைவு. இந்தத் தெருவில் எனக்கு ஊமையக்கா என்று பேர். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொல்லுவார்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நார் எடுத்துக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

பூக் கட்டுகிறவளுக்குப் பூ வாடை சீக்கிரம் மரத்துப்போகும். எனக்கு மல்லிகை, பிச்சி எல்லாம் ஒன்றுதான். ஊறவைத்த வாழைநார் வாடை மட்டும் இன்றைக்கும் மூக்கில் ஏறுகிறது. ஈரச் சேற்று வாடை அது. எங்கள் மிளகாய்க் காட்டு மடையில் அந்த வாடைதான் இருக்கும்.

காடு இங்கே சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற வழியில் இருந்தது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், வரப்போரம் நாலு எலுமிச்சை. அப்பா முன்னாலேயே இறந்துவிட்டார். அம்மா, பெரியண்ணன், சின்னண்ணன், நான். கூலிக்கு ஆள் விட்டதில்லை. அண்ணன்மார் இரண்டு பேருக்கும் ஒரு சைக்கிள். ஒருவன் மிதிப்பான், ஒருவன் பின்னால் உட்காருவான். சட்டையும் அப்படித்தான், எவன் கையில் கிடைக்கிறதோ அவன் போட்டுக்கொள்வான். வற்றல் காய்கிற மாதத்தில் வீடே சேர்ந்து தும்மும். முதலில் அம்மா தொடங்குவாள், கடைசியில் நான் முடிப்பேன். “ஒங்க வீட்டுல தும்மலுக்குக்கூட வரிசையாட்டி?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

தண்ணீர் பாய்ச்சுகிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் மற்றது புரியாது. வாய்க்கால் ஓரமாகப் பாத்திகள் வரிசையாக இருக்கும். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயில் மண்ணை வைத்து மிதித்து அடைக்க வேண்டும். பிறகு அடுத்த பாத்தியின் வாயைத் திறக்க வேண்டும். அந்த வாய்தான் மடை. எங்கள் காட்டில் நடுவில் ஒரு பாத்தி மட்டும் பள்ளம். பார்த்தால் தெரியாது, பாய்ச்சினால்தான் தெரியும். நேராகத் தண்ணீர் விட்டால் தேங்கி நின்று மிளகாய் வேர் அழுகிப்போகும். இரண்டு பக்கத்துக் கசிவே அதற்குப் போதும். அதனால் நாங்கள் பள்ளப் பாத்தியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்ததைத் திறப்போம். வெளியாள் வரிசைப்படி பள்ளத்தைத்தான் திறப்பான். எங்கள் நாலு பேரின் கால் மட்டும் தானாகத் தாண்டிப் போகும்.

எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருடம். ஒரு நாள் சாப்பிடும்போது சின்னண்ணன் தன் பாகத்தைப் பிரித்துத் தரச் சொன்னான். தனியாகப் பயிர் வைக்கப் போகிறேன் என்றான். பெரியண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“பாகமா? கெணத்தையும் ரெண்டா வெட்டணுமோலே? ஒனக்கு மேல்பாதியா, அடிப்பாதியா?”

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குப் புரையேறிவிட்டது. சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அந்தச் சிரிப்பில் அவனுக்கு என்ன பட்டதோ, அதற்கு முன்னால் என்னென்ன பட்டிருந்ததோ, தெரியாது. இன்றைக்கும் தெரியாது. கூடவே இருந்தோம் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தோம்.

மறுநாள் காலையில் அவன் எலுமிச்சங்காய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு, “புளியங்குடிச் சந்தையில போட்டுட்டு வாரேன்” என்று கிளம்பினான். பெரியண்ணன் தண்ணீர் பாய்ச்சப் போனான். அம்மா காட்டின் மறுகோடியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறினதும் நான் கஞ்சி கொண்டுபோனேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் வாய்க்கால் கரையில் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் வெட்டு. மண்வெட்டி கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. ரத்தம் கரையில் வழிந்து மடை வரைக்கும் வந்திருந்தது. அந்த மடையை அடைத்திருந்தார்கள். ரத்தத்தின் மேல் புதுமண் இருந்தது. மண்ணின் மேல் மிதித்த குதிகால் தடம் இருந்தது. அவன் விழுந்த பிறகு அடைத்தது. பாத்தி நிறைந்து வழியப் பார்த்திருக்கும், அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். பள்ளப் பாத்தி காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டி, அடுத்த பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு எதுவும் ஓடவில்லை. கத்தினேன். அம்மா ஓடிவந்தாள். அவன் மேல் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு அவள் கண் மடைக்குப் போனது. மடையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீரோடு போனது. சட்டென்று அழுகை நின்றது.

எழுந்தாள். அடுத்த பாத்தி மடையில் மண்ணைத் தள்ளி மிதித்து அடைத்தாள். பள்ளப் பாத்தியின் வாயைக் காலால் கிளறித் திறந்தாள். தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கியது. திரும்பி வந்து, குதிகால் தடத்தின் மேல் தன் காலை வைத்துத் தேய்த்தாள். அப்புறம்தான் பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்து மறுபடி அழுதாள்.

ஆட்கள் வந்தார்கள். அம்மா அழுகையோடு அழுகையாகச் சொன்னாள்: “ஐயா, பள்ளத்துல தண்ணி கெடக்கே. எம்பிள்ள பள்ளத்துல தண்ணி விடுவானா? எந்தப் பாவியோ வந்து மாத்தி விட்டுட்டுப் போயிருக்கானே.”

எல்லோரும் பள்ளப் பாத்தியைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: “மாடசாமிக்கும் இவனுக்கும்தான போன மாசம் வரப்புச் சண்ட?”

மாடசாமி மாமா மேலக்காட்டுக்காரர். முறைக்கு மாமா இல்லை, ஊர்ப்பழக்கத்தில் மாமா. அம்மா அவர் பெயரைச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சின்னண்ணன் மத்தியான பஸ்ஸில் வந்தான் என்றார்கள். ஓடிவந்து அண்ணன் காலில் விழுந்து புரண்டு அழுதான். அந்த அழுகை பொய் இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அழுதுகொண்டே தலையைத் தூக்கினவன், பள்ளப் பாத்தியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அம்மா வேறு பக்கம் பார்த்தாள். அவன் அழுகை அதோடு நின்றுவிட்டது.

போலீஸ்காரர்கள் மாடசாமி மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் பெண்டாட்டி எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “ஒங்க காட்டுல புல்லுகூட மொளைக்காது பாருங்க” என்றாள். வீட்டுக்குள் அம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். தலையில் மண் விழுந்தது எனக்கு. தட்டிவிட்டேன்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் நான் சொன்னேன். “பள்ளத்துல தண்ணி இல்ல சார். அம்மாதான் திருப்பி விட்டா.”

“பொணத்தப் பாத்ததுல பிள்ளைக்கு பேதலிச்சிட்டு ஐயா” என்றாள் அம்மா. “அன்னையில இருந்து ஒளறுதா.”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “தண்ணி குடுங்கம்மா” என்றார். தண்ணீரைப் பற்றிச் சொன்னவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

பெரியப்பாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குப் பேய் பிடித்திருப்பது ஊருக்கு உறுதியாகிக்கொண்டே வந்தது. கல்யாணப் பேச்சு நின்றது. கடைசியில் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்தார்கள். அம்மன் சன்னதிக்கு முன்னால் ஒரு குழி உண்டு. பேதலித்தவர்களை அதில் உட்கார வைத்தால் தெளியும் என்பது நம்பிக்கை. எத்தனையோ பேருக்குத் தெளிந்திருக்கிறது. நான் ஒன்றும் குறை சொல்லவில்லை.

என்னை உட்கார வைத்தார்கள். அம்மா புற்றுமண்ணை என் நெற்றியில் பூசினாள். குனிந்து என் காதுக்குள் சொன்னாள்.

“ஒருத்தன் போயிட்டான். இன்னொருத்தனயும் நானே தூக்கிக் குடுக்கணுமாட்டி?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளையும் அப்போது தெளிய வைக்க யாராவது வேண்டியிருந்தது. குழிக்குள் இருந்தது நான்தான்.

“இறங்கிட்டும்மா” என்றேன்.

பேய் இறங்கியது. பேச்சும் கூடவே இறங்கிவிட்டது.

ஊருக்குப் போகவில்லை. கோயில் பக்கத்தில் பூக் கட்டுகிற ஒரு அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டேன். பேய் இறங்கினவளுக்கு மாப்பிள்ளை வரவில்லை. பேய் போனது நிச்சயம், திரும்பி வராது என்பதுதான் நிச்சயமில்லையாம். சிரிப்பாகத்தான் இருந்தது.

மாடசாமி மாமா மேல் கேஸ் ரொம்ப நாள் நடந்தது. சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் அவர் காடு கைமாறிப்போயிருந்தது. பெண்டாட்டியும் இறந்துவிட்டாள். ஒரு ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் என் முன்னால் வந்து நின்று பூக் கேட்டார். ஆள் பாதியாக இருந்தார். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

“மாமா, நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும்.”

“நீ சொன்னது என் காதுக்கும் வந்துது பிள்ள” என்றார். “எனக்கு வாய்ச்ச ஒரே சாட்சி, அதுக்கும் பேயி பிடிச்சிட்டு.”

சிரித்தார். பூவை வாங்கி, யாருக்கு வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கோயிலுக்குள் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

சின்னண்ணன் கல்யாணம் முடித்தான், பிள்ளைகள் பெற்றான். அம்மாவைக் கடைசிவரை வைத்துக் கஞ்சி ஊற்றினான். ஆனால் அந்தக் காட்டில் அவன் அப்புறம் மண்வெட்டி தொட்டதில்லை. தண்ணீர் பாய்ச்சக் கூலிக்கு ஆள் வைத்தான். வந்த ஆளெல்லாம் பள்ளப் பாத்தியைத் திறந்து விட்டுச் செடியை அழுக விட்டார்கள். அவன் ஒன்றும் சொல்ல மாட்டானாம். தாண்டிப் போ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

ஆடித்தபசுக்கு வருடா வருடம் என்னிடம் வருவான். ஒரு பை வற்றல் கொண்டுவருவான். சுவரில் சாய்ந்து உட்காருவான். நான் கட்டுவேன், அவன் நார் கிழித்துத் தருவான். இன்றைக்குச் சொல்லுவான், இன்றைக்குச் சொல்லுவான் என்று இருப்பேன். நீ சொன்னது உள்ளதுதான் என்று ஒரு வார்த்தை. ஜெயிலுக்கு அனுப்பவா கேட்டேன்? எனக்குப் பேய் பிடிக்கவில்லை என்று என்னிடம் சொல்ல அவன் ஒருவன்தான் மிச்சம் இருந்தான்.

“வாரேன்ட்டி” என்பான்.

“சரி” என்பேன்.

இந்தத் தடவை அவன் வரவில்லை. சாவுச் சேதிதான் வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவன் போகும்போது என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று அவன் மகனிடம் கேட்டேன். “ஒண்ணும் சொல்லலயே அத்த” என்றான் பிள்ளை. வஞ்சகம் இல்லாத முகம். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்த ஆள் இனி யாரும் இல்லை.

திரும்பும்போது காட்டுப் பக்கம் நடந்தேன். அவன் இருக்கும்போதே பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். கிணற்றை மூடியாயிற்று. வாய்க்கால் இருந்த இடத்தில் செம்மண் ரோடு. மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரிசையாக நட்டிருக்கிறது. காலையில் மழை பெய்திருந்தது. எங்கும் தண்ணீர் இல்லை, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கணுக்கால் அளவு நின்றது. அடையாளம் எதுவும் இல்லாமலே எனக்கு இடம் தெரிந்தது.

புரோக்கர் ஒருவர் புருஷன் பெண்டாட்டிக்கு மனை காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கேட்டாள்.

“இங்கன மட்டும் ஏன் தண்ணி நிக்கி?”

“பள்ளம்லாம் இல்லம்மா, சும்மா மழைத்தண்ணி. நாளைக்கு ரெண்டு லோடு மண்ணடிச்சா சரியாப் போயிரும்” என்றார். என்னைப் பார்த்து, “ஆச்சி, ஒங்களுக்கும் மனை வேணுமா?” என்று கேட்டார்.

நான் சொல்ல நினைத்தேன். அது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, அங்கே தண்ணீர் நிற்கும், நேராக விடக்கூடாது, தாண்டிப் போக வேண்டும் என்று. வாய் வரைக்கும் வந்தது.

ரோட்டோரம் ஒரு லாரி மண்ணோடு நின்றது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.