பூசைக் கிண்ணத்தைப் பார்க்க வந்த ரிஸ்வானா அக்கா

ரிஸ்வானா அக்காவை முதலில் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் என் தையல் கடை. அதை ஒட்டினாற்போல அவருடைய பழைய சாமான் கடை. கால் உடைந்த நாற்காலியையும் துருப்பிடித்த இரும்புக் கட்டிலையும் என் வாசல்வரை பரப்பி வைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? நான் கத்துவேன். அவர் என்னைவிடச் சத்தமாகக் கத்துவார். அப்படிச் சண்டை போட்டுப் போட்டே சிநேகமானவர்கள் நாங்கள். இப்போது அவர் பேரைச் சொல்லாமல் நான் செபம் முடிப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். கணவர் முகம்மது ஆசிப்புக்கு துபாயில் வேலை, பழம்பொருட்களை ஏலம் விடுகிற ஒரு கம்பெனியின் குடோனில். கல்யாணமான புதிதில் அக்காவும் அங்கே போய்ச் சில வருஷம் இருந்தார். அதே குடோனில் வெள்ளிச் சாமான்களைத் துடைத்து, அடியில் உள்ள முத்திரைகளைப் போட்டோ எடுத்துக் கொடுக்கிற வேலை. மகள் ஃபஸீஹாவின் படிப்புக்காக ஊர் திரும்பியவரை வீட்டில் இருக்கச் சொன்னார்களாம். "குந்திக்கினு சீரியல் பாக்கவா நான் அவ்ளோ கத்துக்கினு வந்தேன்?" என்று கேட்டுவிட்டுக் கடையைத் திறந்துவிட்டார். புதுச்சேரியில் பழைய வீடுகளை இடிக்கும்போதெல்லாம் அவருக்குச் சாமான் வந்து சேரும்.

வெள்ளிச் சாமான் எது வந்தாலும் முதல் காரியமாகத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார். மேலே உள்ள பூவேலையை ஏறெடுத்துக்கூடப் பார்க்க மாட்டார். சின்ன லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அடியில் தேடுவார். நான் பட்டன் தைத்துக்கொண்டே கேட்பேன், அவரும் சொல்லுவார்.

"சிங்கம் நடந்துகினு இருந்தா இங்கிலீஷ் வெள்ளி. பக்கத்துலயே ஒரு எழுத்து குத்தியிருக்கும் பாரு, அதான் வருஷம். ஊருக்கு ஊரு அந்த எழுத்து மாறும். அதனால எந்த ஊரு முத்திரைன்னு மொதல்ல பாக்கணும். ஹெல்மெட் போட்ட பொம்பள தலை இருந்தா பிரெஞ்சு. அதுல இங்கிலீஷ்காரன் மாதிரி வருஷத்துக்கு ஒரு எழுத்து இருக்காது. செஞ்சவன் முத்திரைய வெச்சி, அவன் எந்தக் காலத்துல பட்டறை நடத்துனான்னு தேடித்தான் புடிக்கணும்."

ஒருநாள் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து ஒருவர் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். கோயிலுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் கிடைத்ததாம், சோழர் காலத்து வெள்ளியாம். அக்கா கவிழ்த்துப் பார்த்தார். இ.பி.என்.எஸ் என்று நாலு இங்கிலீஷ் எழுத்து. வெறும் வெள்ளி முலாம் என்று அர்த்தம்.

"ஒங்க சோழ ராஜா நல்லா இங்கிலீஷ் படிச்சிருக்காருங்க" என்றார் அக்கா. அந்த மனுஷன் முதலில் முறைத்தார், பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். வாய்தான் அப்படி. மனசு தங்கம்.

இப்போது என் அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் முகையூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா பேர் சவுரிராயன். பகலெல்லாம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போவார், காலையும் மாலையும் மாதா கோயில் வேலை பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளாகப் பூசைச் சாமான் அலமாரியின் சாவி அவரிடம்தான். அந்த அலமாரியில் ஒரு பழைய பூசைக் கிண்ணம் இருந்தது, பூசையில் ஃபாதர் திராட்சை ரசம் ஊற்றிக் குடிக்கிற உயரமான கிண்ணம். எந்தக் காலத்திலோ பிரான்ஸ் தேசத்துச் சாமியார் ஒருவர் கொண்டுவந்தது. சுத்த வெள்ளி என்று ஊரே பெருமையடித்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை, தேர்த் திருவிழாப் பூசைக்கு மட்டும் அதை வெளியே எடுப்பார்கள். அப்பா அதை மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றித் துடைப்பார், அவ்வளவுதான். பொடி, புளி எதுவும் கிட்டே வரக் கூடாது.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். திண்டிவனத்தில் என் வீட்டில் இருந்தார். சாவியைக் கொடுத்தனுப்பினோம். கிண்ணத்தைச் சுத்தம் செய்கிற பொறுப்பைக் கோயிலின் தெருக்குழுவான அன்பியத்துப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். மாதா திருவிழா என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை வலிக்குமா? புளியைப் போட்டு, சாம்பலைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். கறுப்பெல்லாம் போய் மேலே பளபளவென்று ஆகிவிட்டது. ஆனால் கீழே, கிண்ணத்தைத் தாங்குகிற அடிப்பாகத்தில், மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் தேய்த்தார்கள். இன்னும் மஞ்சள்!

கோயில் கமிட்டித் தலைவர் ஆனந்தராஜ் அதை விழுப்புரத்தில் ஒரு வெள்ளிக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் அடிப்பாகத்தை உரசிப் பார்த்துவிட்டு, பித்தளை என்று சொல்லிவிட்டார். போதாதா? அசல் எங்கே போனது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. இத்தனை வருஷமும் சாவி யாரிடம் இருந்தது? சவுரிராயனிடம். அவர் மகன் அறிவுச்செல்வன் போன வருஷம்தானே மெத்தை வீடு கட்டினான்? என் தம்பி வெளிநாட்டில் வெயிலில் வெந்து கட்டிய வீடு அது. பாவிகள், அதையும் இதையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

நான் ஊருக்குப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று சண்டை போட்டேன். அப்பாவோ ஊர் திரும்பியதும், மறுபடி தன் கைக்கு வந்த அலமாரிச் சாவியை ஃபாதர் கையில் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "நீ எடுக்கலன்னு சொல்லேம்ப்பா! வாய தொறந்து சொல்லு!" என்று நான் கத்தினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிண்ணத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அடிப்பாகம் பித்தளதான், ஜெயம். முலாம் பூசினது."

"நீயும் அதையே சொல்றியாக்கா?"

"பின்ன, ஒனக்காக பொய் சொல்லச் சொல்றியா? பேஜாரு பண்ணாத. மேல இருக்குற கிண்ணத்த யாருனா பாத்தாங்களா?"

"இல்ல."

"போட்டோவுல ஒரு மண்ணும் தெரியல. நானே வந்து பாக்குறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மாத்தின சாமானா இருந்தா மாத்தினதுன்னு எல்லாரு எதிர்லயும் சொல்லிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

ஆனாலும் வரச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கடையை மூடிவிட்டு வந்தார். திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறி, ஊர் போய்ச் சேரும்வரை அக்கா அவித்த மல்லாட்டையை உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

பூசை முடிந்து, கோயிலை ஒட்டிய அறையில் ஃபாதர், ஆனந்தராஜ், இன்னும் ஊர்க்காரர்கள் பலபேர் கூடியிருந்தார்கள். அப்பாவை நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அக்கா கிண்ணத்தைத் தொடப் போனதும் ஆனந்தராஜ் குறுக்கே வந்தார்.

"அத பூச வெக்கிற கையிதாம்மா தொடணும்."

"அப்ப புளி போட்டு தேச்சது யாரு கையிங்க?"

ஃபாதர் சிரித்துவிட்டுத் தானே கிண்ணத்தை எடுத்து நீட்டினார். அக்கா உடனே வாங்கவில்லை. தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவினார். பையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். அதன் பிறகுதான் இரண்டு கையாலும் வாங்கினார். அதைப் பார்த்தபோதே எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

கிண்ணத்தை மெல்லத் திருகினார். மேல்பாகம் தனியாக, அடிப்பாகம் தனியாகக் கழன்று வந்தது. அது கழலும் என்றே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. லென்ஸைக் கண்ணில் வைத்து மேல்பாகத்தின் விளிம்பைச் சுற்றிவந்தார்.

"ஹெல்மெட் போட்ட பொம்பள தலை. ஒண்ணாம் நம்பர் வெள்ளி. பக்கத்துல செஞ்சவன் முத்திரை இருக்கு, சீட்டுக்கட்டு டைமன் மாதிரி. உள்ள ரெண்டு எழுத்து, நடுவுல ஒரு நங்கூரம்."

"மேலது வெள்ளின்னா இருக்கட்டும்மா" என்றார் ஆனந்தராஜ். "அடியத்தான் மாத்திட்டாங்களே, அத சொல்லு."

அக்கா அடிப்பாகத்தைக் கவிழ்த்தார். விளிம்பின் உள்பக்கம் மெழுகும் அழுக்குமாக அடைந்து கிடந்தது. ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, மெதுவாக, மிக மெதுவாக எடுத்தார். நான் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஓரிடத்தில் கையை நிறுத்தினார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஜெயம், இங்க வா. ஃபாதர், நீங்களும் வாங்க."

லென்ஸ் வழியே பார்த்தேன். ஒரு குட்டிச் சதுரம். அதற்குள் அதே இரண்டு எழுத்து, நடுவில் அதே நங்கூரம்.

"பிரான்சு நாட்டு சட்டம் இது" என்றார் அக்கா. "வெள்ளின்னா செஞ்சவன் டைமன்ல குத்தணும். முலாம்னா சதுரத்துல குத்தணும். இந்தப் பட்டறைக்காரன் ரெண்டுமே செஞ்சிருக்கான். வாயி படுற எடம் சுத்த வெள்ளி, தாங்குற அடி பித்தள மேல வெள்ளி முலாம். அங்கேந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்கு."

கிண்ணப் பாகம் உயர்ந்த உலோகமாக இருந்தால் போதும், அடி வேறாக இருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படி நிறையச் செய்தார்கள் என்று ஃபாதரும் சொன்னார். அக்கா அந்த நங்கூர முத்திரையைப் போனில் தேடிப் பிடித்துக் காட்டினார். அந்தப் பட்டறை மூடியே நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்னாங்க ஆனந்தராஜ், நம்ம சவுரிராயன் அய்யா செத்துப்போன பிரெஞ்சு ஆசாரிய எழுப்பி, அடிய மாத்திக்கினு வந்தாரா?"

யாரோ சிரித்தார்கள். ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். புளி போட்டுத் தேய்த்த பெண்களில் ஒருவரான கெங்கம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். "பாருங்கய்யா, பாத்தீங்களா!" என்று எல்லாரையும் பார்த்துக் கத்த நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா படியேறி உள்ளே வந்துவிட்டார். யாரையும் பார்க்காமல் நேராக அக்காவிடம் போனார்.

"அப்ப மாறலியாம்மா?"

"மாறலிங்க அய்யா."

"எங்கிட்ட குடுத்ததேதானா?"

"அதேதாங்க. செஞ்ச நாள்லேந்து மேலயும் கீழயும் ஒண்ணாதான் இருக்கு."

அப்பா தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். "நான்தான் எப்பவோ சரியா பூட்டாம வுட்டுட்டேன், எவனோ பூந்து மாத்திக்கினு போயிட்டான்னு நெனச்சேன்மா. எடுக்கலன்னு சொல்லலாம். தொலைக்கலன்னு எந்த வாயால சொல்லுவேன்? மாதா சாமானத் தொலச்சிட்டேன்னுதாம்மா இவ்ளோ நாளு..."

ஊர் அவரைத் திருடன் என்றதற்காக நான் மாரடித்துக்கொண்டு திரிந்தேன். அவர் படுத்துக் கிடந்தது அதற்காகவே இல்லை. நான் ஆயிரம் சமாதானம் சொல்லியிருந்தாலும், மகள் அப்படித்தான் சொல்வாள் என்று விட்டிருப்பார். பித்தளையைப் பித்தளை என்றே என் முகத்துக்கு நேரே சொன்ன மனுஷி சொன்னதால்தான் நம்பினார்.

அக்கா லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"நீங்க எதையும் தொலைக்கலய்யா" என்றார். அப்பா அழுது ஓயும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.