இடது கையில் பால், வலது கையில் ஸ்ட்ரைக்

1930களின் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய திடலில் நடந்தது இது. நான் அப்போது ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. மிஷன் பள்ளியில் இருந்த அமெரிக்க ஆசிரியர் ஒருவர் எங்களுக்குப் பேஸ்பால் கற்றுக்கொடுத்திருந்தார். எதையும் நோண்டிக் கேட்கும் ஆள் என்பதால் என்னையே நடுவராக்கிவிட்டார்.

அடிக்க வாகில்லாமல் விலகி வரும் பந்து 'பால்'. நல்ல பந்தைத் தவறவிட்டால் 'ஸ்ட்ரைக்'. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு நடுவர் பாலை முதலில் சொல்லி இடது கை விரல்களிலும், ஸ்ட்ரைக்கை அடுத்துச் சொல்லி வலது கை விரல்களிலும் காட்ட வேண்டும். சத்தமாகச் சொன்ன பிறகு விரல் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. என் குரல் பக்கத்து ஊரான பங்சார் வரை கேட்கும்.

அன்று எங்கள் பெரிய கிராணி குடும்பத்தோடு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே இடது கையை நீட்ட எனக்குக் கூசியது. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையிலேயே இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன்.

அடிக்க வந்தவர் பட்டறை ஃபிட்டர். கொதிகலனைத் தட்டித் தட்டியே காது போனவர். அன்று சரியாக ஆடாவிட்டால் அணியில் இடமில்லை என்று தலைவர் முன்பே சொல்லியிருந்தார். நான் "ஒன் பால், டூ ஸ்ட்ரைக்ஸ்" என்று கத்தினேன். ஃபிட்டர் என் வலது கையின் முதல் ஒற்றை விரலைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். அடுத்த பந்து நேராக வந்தது. நிதானமாக விட்டுவிட்டார். அவுட் கொடுத்தேன்.

அவர் நகரவில்லை. "இன்னும் ஒன்னு இருக்குல்ல, அண்ணே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்லா, காது கேக்காதவர வச்சிக்கிட்டு எப்படி ஆடுறது?" என்றார் தலைவர்.

விரல் யாருக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது கையில் நான் முதலில் காட்டிய பால் கணக்கை அவர் ஸ்ட்ரைக் கணக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவரு சரியாத்தான் பாத்தாரு. நான்தான் தப்பா காட்டிட்டேன்" என்று பெரிய கிராணி காதிலும் விழும்படி சொன்னேன்.

கொடுத்த அவுட்டை மாற்ற முடியவில்லை. ஆனால் தலைவர் அடுத்த சனிக்கிழமையும் அவரைச் சேர்த்துக்கொண்டார். அன்று ஆட்டத்தின் முதல் பந்துக்கு முன்பே ஃபிட்டர் என்னிடம் வந்து, பழக்கதோஷத்தில் முதுகுக்குப் பின்னால் போயிருந்த என் இடது கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

விருந்திலும் கோயிலிலும் இன்றும் நான் இடது கையை நீட்டுவதில்லை. ஆனால் யாரிடமாவது ஒன்றைச் சொல்லி முடித்ததும், அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.