எஸ்மத் கட்டாமல் விட்ட சிவப்பு நூல்

எஸ்மத்தும் நானும் முப்பது வருடமாக ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம் பூ வளர்க்கிறோம். எங்கள் ஊர் மஹல்லாத்தில் யாரைக் கேட்டாலும் பூதான் பிழைப்பு. வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு எல்லா வீட்டிலும் ஷப்பு வேண்டும். பொழுது சாய்ந்தால் மணக்குமே, அந்தப் பூ. வெயில் தணியாத கோடைக் கடைசியில் விதைத்தால்தான் புத்தாண்டுக்குப் பூக்கும். குனிந்து குனிந்து எஸ்மத்தின் முழங்கால் இரண்டும் போய்விட்டன.

நாங்களெல்லாம் கம்பெனி விதை வாங்கினோம். அவள் மட்டும் சொந்த விதை. ஷப்புவில் அடுக்குப் பூதான் சந்தையில் போகும். ஆனால் அடுக்கு விதை வைக்காது. விதை வேண்டுமென்றால் யாரும் வாங்காத ஒற்றைப் பூவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் நாற்றிலேயே ஒற்றையைக் களைந்துவிட்டு, மூலையில் மட்டும் இரண்டு வரிசை விட்டுவைப்பாள். அவை பூத்ததும், சாயங்காலம் நொண்டிக்கொண்டே ஒவ்வொன்றாக முகர்ந்து, நன்றாக மணக்கும் செடியில் சிவப்பு நூல் கட்டுவாள். அந்தச் செடிதான் அடுத்த வருடத்துக்கு விதை. முப்பது வருடம் இப்படியே. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும்.

போன வருடம் நவ்ரூஸுக்குப் பத்து நாள் இருக்கையில், நூல் கட்டுவதற்கு முன்பே, அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அவள் புருஷன் நுஸ்ரத், லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், களைக்கொத்தைத் தலைகீழாகப் பிடிப்பவர், அவள் வருவதற்குள் பாத்தியைச் சுத்தம் செய்யக் கிளம்பினார். நான் வாசலில் கம்பளம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"மஹீனம்மா! மூலையில ஒத்தப் பூவா நிக்குதே, என்ன பண்றது?"

"ஒத்தையா? புடுங்கிப் போடுங்கண்ணே, அதை எவ வாங்குவா!" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தெரியாமல் சொல்லவில்லை. யோசிக்காமல் சொன்னேன். மனுஷன் இரண்டு வரிசையையும் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டார். பழைய விதையும் ஒரு சிட்டிகை மிச்சமில்லை, எல்லாவற்றையும் விதைத்திருந்தாள்.

எஸ்மத் ஊன்றுகோலோடு வந்து மூலையைப் பார்த்தாள். சட்டைப் பையில் நூல்கண்டு துருத்திக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

நுஸ்ரத் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "யாரும் சொல்லல. நானாத்தான்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "காலு வலிக்குது. டீ போடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

கோடைக் கடைசியில் நானே போய்க் கம்பெனி விதைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கி விதைத்தாள். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உடனே உள்ளே போய்விடுவாள். முன்பெல்லாம் அப்படிப் போகமாட்டாள். பூவும் வந்தது, பெரிது பெரிதாக, அடுக்கடுக்காக.

இந்த நவ்ரூஸுக்கும் வழக்கம்போல ஒரு கட்டுப் பூ கொண்டுவந்தாள். வாங்கி ஜாடியில் வைத்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து முகர்ந்தேன். பச்சைத் தழை வாசம்தான் வந்தது.

"அடேயப்பா, என்னமா மணக்குது!" என்றேன்.

எஸ்மத் தடவுவதை நிறுத்தி, ஜன்னல் வழியே மதிலைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா உன் வீட்டுக்குப் பூ கொண்டாரேன், மஹீன். இன்னிக்குத்தான் மணக்குதுன்னு சொல்லியிருக்க."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நிற்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. நான் கை கொடுத்தேன். அவள் பிடிக்கவில்லை.