ஜெசிந்தா அக்காவின் பின்னிருக்கை

சேவியர் அண்ணன் தொலைபேசியில் அழைத்த அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. எனக்கு முன்னால் யாரிடமெல்லாம் சொன்னீர்கள்? ஜெசிந்தா அக்கா போய்விட்டார், நுரையீரலில் ரத்தக்கட்டு, ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வாயில் அந்தக் கேள்விதான் நின்றது. அழுகை பிறகுதான் வந்தது. நான் கேட்காமலே அவர் பதிலையும் சொன்னார். "ரஞ்சனி இங்கனதான் இருக்கா. நீ பதறாம வாம்மா." சரி அண்ணா என்றேன்.

அது ஆகஸ்ட் மாதம். மான்மவுத் ஜங்ஷனில் அக்காவும் அவர் கணவர் சேவியர் அண்ணனும் இருந்த வீட்டுக்கு நம்மில் யாரும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. எப்போதும் கராஜ் வழிதான். அன்றும் கராஜ் கதவு ஏறியிருந்தது. உள்ளே, உறை போட்டு மூடிய ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியைச் சுற்றி, வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் கிடந்தன. என் செருப்பை விடுவதற்கு வண்டியின் ஓரத்தில் இடம் தேடினேன். ரஞ்சனியின் செருப்பு வண்டிக்குப் பக்கத்திலேயே, சுவரை ஒட்டி, வீட்டு மனிதர்களுடைய செருப்புகளோடு இருந்தது. துக்க வீட்டில் இதைக் கவனித்தவள் நான் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காவைப் பற்றி எழுதும்போது எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்கள் அவரை வெவ்வேறு இடங்களில் அறிந்திருப்பீர்கள். பிசியோதெரபிஸ்ட்டாக, தமிழ்த் திருப்பலியில் பாடுபவராக, பொங்கல் விழா முடிந்ததும் சொல்லாமலே நாற்காலிகளை மடக்கி அடுக்குபவராக. எனக்கு அவர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பக்கத்து அறை ஆசிரியை. சனி ஞாயிறில் வேறென்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டார். படிப்பேன் என்றேன். "படிச்சு முடிச்சுட்டுத்தான பிள்ள அமெரிக்கா வந்த?" என்றார். அடுத்த வாரமே ஒரு பழைய பனி ஜாக்கெட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வடக்கே, ஐந்து மணி நேரப் பயணத்தில், நியூயார்க் மாநிலத்தின் பனிக்காட்டில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நான் வரவேண்டும் என்பது முடிவாகிவிட்டிருந்தது.

தூத்துக்குடிப் பெண்ணுக்கும் பனிவண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர் இல்லை. அவருடைய முதல் வேலை அந்த வடக்குப் பகுதியில்தான். அங்கே குளிர்காலத்தில் எல்லோரும் ஸ்னோமொபைல் ஓட்டுவார்கள். இவரும் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். அதை விற்றவர் பெரிய உடம்புக்காரர். பின் ஸ்பிரிங்குகள் அவர் எடைக்கு இறுக்கப்பட்டிருந்தன. ஒல்லியான இவர் ஏறினால் வண்டி சற்றும் அமுங்கவில்லை. ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போட்டது. ஊராருடைய முதுகையெல்லாம் சரிசெய்துவிட்டு, இரவில் தன் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்ததாகச் சொல்வார். வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். இவர் விற்கவில்லை. ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருப்பிப் பார்த்து, வண்டியைத் தன் உடம்புக்குக் கொண்டுவந்தார்.

நான் முதன்முதலில் பின்னால் உட்கார்ந்த அன்று, முதல் வளைவிலேயே வண்டி திரும்பவில்லை. அக்கா ஹாண்டிலைத் திருப்பினார். வண்டி நேராகப் போய்ப் பனிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எனக்கு உயிர் போய் வந்தது. அவர் இறங்கி வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். என் எடையில் அது தாழ்ந்துவிட்டது, அதனால் முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரண்டு ஸ்கிகளும் பனியைப் பிடிக்காமல் மிதக்கின்றன என்றார். மெதுவாக வீட்டுக்குத் திரும்பினோம். சேவியர் அண்ணன் டீ கப்போடு வாசலுக்கு வந்தார். அவர் எங்களோடு வருவார், சமைப்பார். பனியில் மட்டும் கால் வைக்கமாட்டார். பனியை ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும் என்பார்.

அக்கா உள்ளே போய் மஞ்சள் நிறத் தையல் டேப்பும் ஸ்பானரும் எடுத்துவந்தார். என் எடை எவ்வளவு என்று கேட்டார். நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். முதலில் பின் பம்பரைத் தூக்கிப்பிடித்துத் தரையிலிருந்து உயரத்தை அளந்தார். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், கையுறை எதையும் கழற்றாமல் இருவரும் ஏறி உட்கார்ந்தோம். அண்ணன் குனிந்து அளந்தார். எவ்வளவு அமுங்கியிருக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதைவிட அமுங்கியிருந்தது. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"வெயிட்ட மறைச்சா வண்டி காட்டிக் குடுத்துரும் பிள்ள. நானும் கொறைச்சுச் சொல்லுவேன், டாக்டர்ட்ட. இதுட்ட சொல்ல மாட்டேன்."

ஸ்பிரிங்கின் முனை ஒரு சிறிய கட்டையின் மேல் தங்கியிருக்கும். அதன் மூன்று பக்கங்களும் மூன்று உயரம். ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். இரண்டு புறமும் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் திருப்பினார். மறுபடி உட்கார்ந்தோம், அண்ணன் மறுபடி அளந்தார். அதே வளைவுக்குப் போனோம். வண்டி, சொன்ன சொல் கேட்கும் பிள்ளையைப் போலத் திரும்பியது. "எனக்கு ஒண்ணு, உனக்கு ரெண்டு" என்று அக்கா கத்தியது ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது. அன்றிலிருந்து, நான் ஏறுவதற்கு முன் அவர் குனிந்து கட்டையைத் திருப்புவார். எனக்காக இரண்டு. இந்த நாட்டில் எனக்கென்று யாரும் எதையும் திருப்பி வைத்ததில்லை. வாடகை வீட்டில் ஷவரின் உயரத்தைக்கூட நான்தான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மறு குளிர்காலத்தில் ரஞ்சனி வந்தாள். டெக்சஸில் ரவுண்ட் ராக்கிலிருந்து வேலை மாற்றலாகி வந்தவள். ஆறடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், த்ரோபால் ஆடிய தோள்கள், அடுத்த அறைக்கும் கேட்கும் சிரிப்பு. பனியையே பார்த்திராதவள் முதல் நாள் மாலைக்குள், "அக்கா, ஒரு ரவுண்ட் நான் ஓட்டிட்டு வரட்டா?" என்று கேட்டாள். அக்கா சாவியைத் தந்தார். நான் ஒரு குளிர்காலம் முழுவதும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அவள் திரும்பி வந்து, பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. "ஃபர்ஸ்ட் பம்ப் ஓகேக்கா. வரிசையா வந்தா நாலாவதுல டங்குன்னு அடிக்குது." அக்காவின் முகம் மலர்ந்தது. நான் ஒருநாளும் இப்படிக் கவனித்துச் சொன்னதில்லை. எனக்கு எல்லா மேடும் ஒரே மேடுதான். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

"அமுங்குறது ஸ்பிரிங்கு. எந்திரிச்சு வார வேகத்த ஷாக்கு பாத்துக்கும்," என்றார் அக்கா. "இது எந்திரிக்குறதுக்குள்ள அடுத்த குழி வந்துருது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமா தாழ்ந்து தாழ்ந்து, கடைசில அடிக்கி. ஷாக்க ஒரு கிளிக் லூஸ் பண்ணு. ஒண்ணுதான். ரெண்ட ஒண்ணா மாத்தினா எதுனால சரியாச்சுன்னு தெரியாது."

ஷாக்கின் குமிழைத் திருப்பியது ரஞ்சனிதான். நான் ஹீட்டர் பக்கத்தில் ஒரு நாவலோடு உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக அவர்கள் இருவரின் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு என் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "நான் வெளிய போவும்போதும் இந்தப் பக்கந்தான். அவ்வளவு கஷ்டமான தமிழா?" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் காலை என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். கட்டையை இரண்டுக்குத் திருப்பினார். அது எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

இறுதி மரியாதை நடந்த கூடத்தில் நம்மில் பலர் எழுந்து பேசினோம். நான் பேசுவதற்காக மனதுக்குள் ஒரு கதையை வைத்திருந்தேன்: எடையை மறைத்த கதை. எனக்கு முன்னால் பேசிய ரஞ்சனி அதையே சொன்னாள், தன் கதையாக. அவளுக்கு முன்னால் அக்காவின் ஆஸ்பத்திரித் தோழி ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். எல்லோரும் எடையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரிடமும் அக்கா அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது. என் முறை வந்தபோது, அவர் வகுப்பறையில் எப்போதும் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத்தான் போவார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அக்டோபரில் சேவியர் அண்ணன் என்னை வரச் சொன்னார். எலி கடித்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது, வண்டியை ஒருமுறை பார் என்றார். உறையை விலக்கினேன். எலி இல்லை. பழக்கத்தில் குனிந்து பின் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். கட்டை ஒன்றில் இல்லை. இரண்டிலும் இல்லை. மூன்றில் இருந்தது. இரண்டு புறமும்.

அக்காவோடு கடைசியாகப் பின்னால் உட்கார்ந்தவர் என்னைவிடக் கனமானவர். யார் என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. மார்ச்சில் பனி உருகுகிறது, இனிப் போகவேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டு ரஞ்சனியை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். கராஜின் சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இறந்துபோனவர்மேல் கோபப்பட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"மார்ச்ல ரஞ்சனி வந்தாளாண்ணா?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாக இருக்கவேண்டும் என்று முயன்றேன்.

"இல்லையே. வண்டிய எடுத்துட்டு வர நாங்க ரெண்டு பேருந்தான் போனோம்." அவர் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "அது நாந்தாம்மா. எத்தன வருஷமாக் கூப்பிட்டா. ஒரே ஒரு தடவ ஏறினேன். டேப் பிடிக்கிறவன் மேல ஏறிட்டா அளக்க யாரு இருக்கா? அவளா ஒரு மதிப்புல திருப்பி வச்சா. பயத்துல நான் ஒண்ணும் பாக்கல. அவ முதுகுதான் தெரிஞ்சுது."

எனக்கும் அந்த முதுகுதான் தெரியும். இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதர்மீது ஒரு பின்னிருக்கைக்காகப் பொறாமைப்படுவது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். கடைசிப் பயணம் அவருடையது என்பதே சரி என்றும் தெரியும். பொறாமை அப்படியும் இறங்கவில்லை. ஆள் மட்டும்தான் மாறியது.

பிறகு அவர், தான் உண்மையில் சொல்ல அழைத்ததைச் சொன்னார். வண்டி சும்மா கிடந்து துருப்பிடிப்பதை ஜெசி விரும்பமாட்டாள், ரஞ்சனிக்குத் தரலாம் என்றிருக்கிறேன் என்றார். "அவட்ட டிரக் இருக்கு. ஓட்டவும் செய்வா. உன் காருல இத இழுக்க முடியாதுல்லா?" முடியாது அண்ணா என்றேன். அது உண்மைதான். உள்ளே போய் அந்த மஞ்சள் டேப்பை எடுத்துவந்து என் கையில் வைத்தார். இது உனக்கு இருக்கட்டும், நீதான் இதை ஒழுங்காகச் சுருட்டி வைப்பாய் என்று அவள் சொல்வாள் என்றார். என்னைப் பற்றி அக்கா வீட்டில் பேசியிருக்கிறார். டேப் சுருட்டுகிற விஷயத்தில்தான். ஆனாலும் பேசியிருக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த டேப். அதன் நுனியில் முதல் அங்குலத்தின் எண் தேய்ந்து அழிந்துவிட்டது. அதோடு, கேட்கிறவர்களிடம் என் எடையைச் சரியாகச் சொல்கிறேன்.

டிசம்பரில் ரஞ்சனி டிரக்கோடு வண்டியை ஏற்ற வந்தாள். எனக்கும் தகவல் சொல்லியிருந்தாள். நான் போவதாக இல்லை, போனேன். "பின்னாடி நீதான் உக்காரப்போற. வேற யாரு? அளந்துட்டே ஏத்திடலாம், வா," என்றாள். பனியே இல்லாத டிரைவ்வேயில், இருவரும் ஹெல்மெட்டும் பூட்ஸும் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு, நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் எடையைக் கேட்டாள். சொன்னேன். அவளும் தன்னுடையதைச் சொன்னாள், சிரித்துக்கொண்டே. கட்டையைத் திருப்புவதானால் இந்த முறை நான்தான் திருப்புவேன் என்று ஸ்பானரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

நான் கொண்டுபோன மஞ்சள் டேப்பைப் பிடித்து சேவியர் அண்ணன் குனிந்து அளந்தார். பிறகு ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. மூன்றாம் நிலையில், அக்கா விட்டுப்போன இடத்தில், அளவு சரியாக இருந்தது. எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ஸ்பானரைப் பெட்டியில் வைத்துவிட்டு வண்டியை டிரக்கில் ஏற்றினோம்.